பிர்கர் ரூட்: பதக்கப் பட்டியலில் வெறுமையாக உள்ள பன்னிரண்டு ஆண்டுகள்

1936ஆம் ஆண்டு பெப்ரவரி 7ஆம் திகதி, ஜேர்மனியின் தென்கோடியில் உள்ள கார்மிஷ்-பார்ட்டன்கிர்ஷன் என்ற மலைநகரில், நோர்வேயைச் சேர்ந்த 24 வயது இளைஞர் ஒருவர் சறுக்குப்பலகைகளைக் காலில் பூட்டிக்கொண்டு பனி மூடிய மலைச்சரிவில் இறங்கினார். உச்சியிலிருந்து அடிவாரத்தை அடைய அவருக்கு 4 நிமிடங்களும் 47.4 செக்கன்களும் எடுத்தன. அன்று இறங்கிய எல்லோரிலும் அவரே வேகமானவர். இரண்டாவதாக வந்த ஜேர்மனிய வீரர் பிரான்ஸ் ஃப்னூரை அவர் 4.4 செக்கன்களால் முந்தியிருந்தார். ஒலிம்பிக்கில் மலையிறக்கப் போட்டி நடந்தது அதுவே முதல் தடவை. ஆனால் அந்த முதலாவது போட்டியில் முதலாவதாக வந்தவருக்கு அதற்காகப் பதக்கம் எதுவும் கிடைக்கவில்லை.

அவரது பெயர் பிர்கர் ரூட்.

நோர்வே என்றதும் எமது வாசகர்களில் பலருக்கு 2002ஆம் ஆண்டின் போர்நிறுத்த உடன்படிக்கையும் அதற்கு அனுசரணை வழங்கியவர்களும் நினைவுக்கு வருவார்கள். வேறு பலருக்கு அங்கே குடியேறிய அண்ணனோ, மச்சாளோ, சித்தப்பாவோ நினைவுக்கு வருவார்கள். அந்த நாடும் ஐந்து ஆண்டுகள் அந்நியப் படையின் பிடியில் இருந்தது, அங்கும் தடுப்பு முகாம்கள் இருந்தன என்பதை நாம் அதிகம் பேசுவதில்லை. நான் பனியைக் கண்ணால் கண்டதில்லை, சறுக்குப்பலகையைத் தொட்டதும் இல்லை. இந்த மனிதரைத் தேடிப் படிக்க என்னைத் தூண்டியவை அவர் வென்ற பதக்கங்கள் அல்ல. 1936க்கும் 1948க்கும் இடையில் அவரது ஒலிம்பிக் பதக்கப் பட்டியலில் இருக்கும் வெறுமைதான் என்னை அவரிடம் இழுத்தது.

வெள்ளிச் சுரங்க நகரம்

பிர்கர் ரூட் 1911 ஓகஸ்ட் 23ஆம் திகதி கொங்ஸ்பேர்க் நகரத்தில் பிறந்தார். ஒஸ்லோவிலிருந்து தென்மேற்கே ஏறத்தாழ 80 கிலோமீற்றர் தொலைவில் உள்ள சிறிய நகரம் அது. 1623இல் அங்கே வெள்ளி கண்டுபிடிக்கப்பட்டது. மறு ஆண்டே மன்னர் நான்காம் கிறிஸ்தியான் அங்கு ஒரு நகரத்தை நிறுவினார். அதன் பின்னர் 300 ஆண்டுகளுக்கு மேலாக அந்த ஊர் மக்கள் நிலத்துக்கு அடியில் இறங்கி வெள்ளி தோண்டினார்கள். 1814இல் அங்கே ஆயுதத் தொழிற்சாலை ஒன்றும் தொடங்கப்பட்டது. ஆக வெள்ளிக்கும் துவக்குக்கும் பெயர்போன ஊராக அது இருந்தது. 1920களில் மூன்றாவதாக ஒரு பெயரும் சேர்ந்துகொண்டது. உலகின் மிகச் சிறந்த பனிச்சறுக்குப் பாய்ச்சல் வீரர்களின் ஊர் என்பதே அது.

இந்த விளையாட்டைச் சற்று விளக்க வேண்டும். மலைச்சரிவில் நீண்ட சறுக்குத்தடம் ஒன்று அமைத்திருப்பார்கள். வீரர் அதன் உச்சியிலிருந்து குந்தியபடி வேகமாகச் சறுக்கி வருவார். தடம் முடியும் விளிம்பில் உந்தி எழுந்து காற்றில் பாய்வார். கீழே சரிவில் போய் இறங்கும்வரை அவரைத் தாங்குவது காற்று மட்டும்தான். எவ்வளவு தூரம் பாய்ந்தார் என்பதோடு, காற்றில் உடலை எப்படி வைத்திருந்தார், தடுமாறாமல் இறங்கினாரா என்பதற்கும் நடுவர்கள் புள்ளி இடுவார்கள். பிர்கர் காலத்தில் தலைக்கவசம் கிடையாது. துணித் தொப்பியோடு பாய்ந்தார்கள்.

முன்னைய தலைமுறையினர் காற்றில் ஏறத்தாழ நிமிர்ந்து நின்றபடி, சமநிலைக்காகக் கைகளைச் சுழற்றிக்கொண்டு பாய்ந்தார்கள். பிர்கரின் மூத்த சகோதரர் சிக்மண்ட் ரூட், யாக்கொப் துல்லின் தாம்ஸ் என்ற இன்னொரு வீரருடன் சேர்ந்து இதை மாற்றினார். இடுப்பில் மடிந்து, மேலுடலை முன்னே சாய்த்து, கைகளை முன்னே நீட்டி, இரண்டு பலகைகளையும் சமாந்தரமாக வைத்துப் பாயும் முறை அது. காற்றை எதிர்த்து நிற்பதை விட்டு அதன்மேல் சாய்ந்து போவது. அது கொங்ஸ்பேர்க் முறை என்றே பெயர் பெற்று, பல பத்தாண்டுகள் உலகம் முழுவதும் பின்பற்றப்பட்டது.

ரூட் வீட்டில் மூன்று ஆண் சகோதரர்கள் பாய்ச்சல் வீரர்களானார்கள். மூத்தவர் சிக்மண்ட் 1928 ஒலிம்பிக்கில் வெள்ளிப் பதக்கமும் 1929இல் உலகச் சம்பியன் பட்டமும் வென்றார். நடுவில் பிறந்த பிர்கர் 1931, 1935, 1937 ஆகிய ஆண்டுகளில் உலகச் சம்பியனானார். இளையவர் அஸ்பியோர்ன் 1938இல் அதே பட்டத்தை வென்றார். ஒரே வீட்டிலிருந்து, ஒரே விளையாட்டில், மூன்று உலகச் சம்பியன்கள்.

பிர்கர் முதன்முதலாக ஒலிம்பிக்குக்குப் போனது 1932இல், அமெரிக்காவின் லேக் பிளாசிட் நகரத்துக்கு. முதற்சுற்று முடிவில் முன்னணியில் இருந்தவர் ஹான்ஸ் பெக். அவரும் கொங்ஸ்பேர்க்காரர், பிர்கருக்குச் சம வயதுக்காரர். இரண்டாவது சுற்றில் பிர்கர் அவரை முந்தித் தங்கப் பதக்கம் வென்றார். ஊரின் ஒரே சரிவில் பாய்ந்து வளர்ந்த இருவர், கடல் கடந்து போய் உலகின் முதலிரு இடங்களைப் பிடித்தார்கள். இரண்டு ஆண்டுகள் கழித்து, 1934இல், இன்றைய ஸ்லோவேனியாவிலுள்ள பிளனிட்சாவில் பிர்கர் 92 மீற்றர் தூரம் பாய்ந்தார். அதுவரை எந்த மனிதரும் சறுக்குப்பலகையில் அவ்வளவு தூரம் பாய்ந்ததில்லை.

ஒருவருக்குள் இரண்டு விளையாட்டுகள்

பாய்ச்சல் வீரர் மலையிறக்கப் போட்டிக்கு வந்தது எப்படி என்று கேட்கலாம். இன்றைய நிலையில் அது நினைத்துப் பார்க்க முடியாத காரியம். இரண்டும் வெவ்வேறு பலகைகள், வெவ்வேறு பயிற்சிகள், வெவ்வேறு உடல்வாகு. இன்று இரண்டிலும் உலகத் தரத்தில் போட்டியிடுபவர் எவருமில்லை.

அன்று மலையிறக்கம் புதிய விளையாட்டு. சமதரையில் நீண்ட தூரம் சறுக்கிச் செல்வதும் பாய்வதுமே உண்மையான பனிச்சறுக்கு என்று நோர்வேயின் பழைய தலைமுறை நம்பியது. ஆல்ப்ஸ் மலைகளில் ஆங்கிலேயரும் ஒஸ்திரியரும் சுவிஸ்காரரும் வளர்த்தெடுத்த வேகப் போட்டிகளை அது சற்று ஏளனமாகவே பார்த்தது. சர்வதேசச் சம்மேளனம் அவற்றை ஏற்றுக்கொண்டதே 1930இல்தான். இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. கம்பங்களுக்கு இடையில் வளைந்து வளைந்து இறங்கும் போட்டிக்கு ஸ்லாலம் என்று பெயர். அந்தச் சொல் நோர்வேயின் தெலமார்க் பகுதியில் பிறந்த நாட்டுப்புறச் சொல். சரிவையும் தடத்தையும் குறிக்கும் இரண்டு சொற்கள் சேர்ந்து உண்டானது. நோர்வேயில் பிறந்த சொல் ஆல்ப்ஸுக்குப் போய், ஒரு புதிய விளையாட்டின் பெயராகித் திரும்பி வந்தபோது, பிறந்த வீட்டார் அதை வாசலில் நிறுத்தி வைத்தார்கள்.

பிர்கர் அப்படி நினைக்கவில்லை. பலகையில் நின்று செய்யக்கூடிய எல்லாவற்றையும் செய்து பார்க்க அவர் விரும்பினார். 1935 குளிர்காலத்தில் செக்கோஸ்லோவாக்கியாவின் தத்ரா மலையில் பாய்ச்சலில் உலகச் சம்பியனானார். அதே குளிர்காலத்தில் சுவிற்சர்லாந்தின் மியூரன் நகரில் நடந்த மலையிறக்க உலகப் போட்டியில், இறக்கத்தையும் ஸ்லாலத்தையும் இணைத்துக் கணக்கிடும் பிரிவில் வெண்கலப் பதக்கம் வென்றார். அந்த விளையாட்டில் ஊறி வளர்ந்த ஆல்ப்ஸ் நாட்டவர்கள் மத்தியில் வடக்கிலிருந்து வந்த பாய்ச்சல்காரர் ஒருவர் மேடையேறியது சிறிய விடயமல்ல.

கார்மிஷ், 1936

மறு ஆண்டு கார்மிஷ் ஒலிம்பிக்கில் மலையிறக்க விளையாட்டு முதன்முறையாகச் சேர்க்கப்பட்டது. ஆனால் இறக்கத்துக்கும் ஸ்லாலத்துக்கும் தனித்தனிப் பதக்கங்கள் இல்லை. இரண்டையும் இணைத்து ஒரே பதக்கம்தான். தனித்தனிப் பதக்கங்கள் 1948இலேயே வந்தன. அதனால்தான் முதலாம் நாள் இறக்கத்தில் முதலாவதாக வந்தும் பிர்கரின் கழுத்தில் எதுவும் விழவில்லை. ஸ்லாலத்தில் அவர் ஒரு கம்ப வாயிலைத் தவறவிட்டார். அதற்குத் தண்டமாக 6 செக்கன்கள் கூட்டப்பட்டன. கூட்டு முடிவில் அவருக்கு நான்காம் இடம். தங்கம், இறக்கத்தில் அவருக்குப் பின்னால் வந்த ஃப்னூருக்குப் போனது.

பெண்கள் பிரிவிலும் இதேபோல ஒன்று நடந்தது. லைலா ஷூ நில்சன் என்ற 16 வயது நோர்வேப் பெண் இறக்கத்தில் முதலாவதாக வந்தார். உண்மையில் அவர் பனித்தரை வேகச் சறுக்கில் பெயர் பெற்றவர். அந்த விளையாட்டில் பெண்களுக்கு அப்போது ஒலிம்பிக்கில் இடமில்லை என்பதால் மலையிறக்கத்துக்கு வந்தவர். இறக்கத்தில் விழுந்து எழுந்த ஜேர்மனியின் கிறிஸ்டல் கிறான்ஸ், ஸ்லாலத்தில் எல்லோரையும் வெகுதூரம் முந்தித் தங்கம் வென்றார். லைலாவுக்கு வெண்கலம். மலையிறக்கத்தை விளையாட்டாகவே மதிக்கத் தயங்கிய ஒரு நாட்டின் இரண்டு பிள்ளைகள், ஒலிம்பிக்கின் முதல் இரண்டு இறக்கப் போட்டிகளிலும் முதலாவதாக வந்தார்கள். இருவருக்குமாகச் சேர்த்துக் கிடைத்தது ஒரு வெண்கலம்.

பெப்ரவரி 16ஆம் திகதி, கடைசி நாளில், பாய்ச்சல் போட்டி நடந்தது. பிர்கர் சுவீடனின் ஸ்வென் எரிக்சனை முந்தி மீண்டும் தங்கம் வென்றார். ஒலிம்பிக் பாய்ச்சலில் தங்கத்தைத் தக்கவைத்த முதல் வீரர் அவர்தான். இன்னொருவர் அதைச் செய்ய 52 ஆண்டுகள் எடுத்தன. 1988இல் அதைச் செய்தவர் பின்லாந்தின் மற்றி நிக்கானன்.

ஊடகக் கல்வி கற்றவள் என்ற முறையில் கார்மிஷை என்னால் வெறும் விளையாட்டுச் செய்தியாகப் படிக்க முடிவதில்லை. அந்த விளையாட்டு விழாவைத் தொடக்கி வைத்தவர் ஹிட்லர். யூதர்கள் உள்ளே வரக்கூடாது என்று ஊரெங்கும் வைத்திருந்த பலகைகள், வெளிநாட்டவர் வருவதற்கு முன்னர் ஒலிம்பிக் குழுவின் வற்புறுத்தலால் கழற்றப்பட்டன. பார்க்க வந்தவர்கள் தூய வெண்பனியையும் ஒழுங்கான ஊர்வலங்களையும் கண்டு திரும்பினார்கள். விழா முடிந்து மூன்று வாரங்கள் ஆவதற்குள், மார்ச் 7ஆம் திகதி, ஜேர்மனியப் படை உடன்படிக்கையை மீறி ரைன் பிரதேசத்துக்குள் நுழைந்தது. ஒரு கொடிய அரசுக்கு நல்ல முகம் பூச விளையாட்டு எவ்வளவு உதவும் என்பதற்கு அந்தப் பத்து நாட்கள் நல்ல பாடம்.

அந்த மேடையில் தங்கப் பதக்கத்தோடு நின்றவர்களில் பிர்கரும் ஒருவர். இதை மறைத்து அவரது வாழ்க்கையை எழுத முடியாது. அவர் 1936ஐப் புறக்கணிக்கவில்லை. போனார், போட்டியிட்டார், வென்றார், ஊர் திரும்பினார். அந்த ஆண்டில் அவர் ஒரு விளையாட்டு வீரர், அவ்வளவுதான். பிறக்கும்போதே எதிர்ப்பாளராகப் பிறந்தவர் என்று அவரை வரைந்தால், அதன் பின்னர் அவர் எடுத்த முடிவின் கனம் குறைந்துவிடும்.

போட்டியிட மறுத்தவர்கள்

1940 ஏப்ரல் 9ஆம் திகதி ஜேர்மனி நோர்வேக்குள் நுழைந்தது. இரண்டு மாதங்களில் சண்டை ஓய்ந்தது. மன்னரும் அரசாங்கமும் இலண்டனுக்குப் போய்விட்டார்கள். ஒஸ்லோவில் ஹிட்லரின் ஆளுநர் தெர்போவன் அமர்ந்தார். செப்டெம்பரில், குவிஸ்லிங்கின் நாசிக் கட்சி தவிர்ந்த எல்லாக் கட்சிகளும் தடைசெய்யப்பட்டன. கொங்ஸ்பேர்க்கின் ஆயுதத் தொழிற்சாலை ஜேர்மனியர் கைக்குப் போனது.

அந்த ஆண்டு நவம்பரில் புதிய ஆட்சி விளையாட்டைக் கையில் எடுத்தது. நாட்டின் விளையாட்டு அமைப்புகள் எல்லாம் நாசிக் கட்சியின் அமைச்சு ஒன்றின் கீழ் கொண்டுவரப்பட்டன. நோர்வேயில் பனிச்சறுக்கு வெறும் பொழுதுபோக்கு அல்ல. அது அந்த மக்கள் தங்களைத் தாங்களே அடையாளம் காணும் ஒன்று. அதை வைத்திருப்பவர் மக்களின் மனதையும் வைத்திருப்பார் என்று ஆக்கிரமிப்பாளர்கள் கணக்குப் போட்டார்கள். இளைஞர்கள் களத்தில் ஓடினால், பார்வையாளர்கள் கைதட்டினால், நாடு வழமைக்குத் திரும்பிவிட்டது என்று படம் பிடித்துக் காட்டலாம்.

இந்தக் கணக்கு எமக்குப் புதிதல்ல. போர் நடக்கும் நிலத்திலும், முடிந்த நிலத்திலும், வழமை திரும்பிவிட்டது என்று காட்டுவதற்கு முதலில் ஏற்பாடு செய்யப்படுவது ஒரு விளையாட்டுப் போட்டிதான்.

நோர்வே வீரர்கள் அதற்குச் சொன்ன பதில் எளிமையானது. அவர்கள் போட்டியிட மறுத்தார்கள். கழகங்கள் இயங்குவதை நிறுத்தின. நிர்வாகிகள் விலகினார்கள். அரசு நடத்திய போட்டிகளுக்குச் சிறந்த வீரர்கள் வரவில்லை. பார்வையாளர்களும் வரவில்லை. விளையாட்டு வேலைநிறுத்தம் என்று நோர்வே வரலாற்றில் இது அழைக்கப்படுகிறது. விடுதலை கிடைக்கும்வரை அது நீடித்தது. நாட்டின் மிகப் பெரிய பனிச்சறுக்கு விழாவான ஹொல்மென்கொல்லன் போர் முடியும்வரை நடக்கவில்லை.

ஆயுதமில்லாத மக்கள் செய்த எதிர்ப்பின் ஒரு பகுதி இது. 1942இல் ஆசிரியர்கள் நாசி ஆசிரியர் சங்கத்தில் சேர மறுத்தார்கள். ஏறத்தாழ 1,100 ஆசிரியர்கள் கைது செய்யப்பட்டார்கள். அவர்களில் பலர் வடகோடியிலுள்ள கிர்கெனெஸுக்குக் கட்டாய வேலைக்கு அனுப்பப்பட்டார்கள். அதே ஆண்டு பேராயர்கள் தங்கள் அரச பதவிகளைத் துறந்தார்கள். ஆசிரியரிடம் இருந்தது வகுப்பறை, பேராயரிடம் இருந்தது பீடம், பனிச்சறுக்கு வீரரிடம் இருந்தது அவரது உடலும் பெயரும். ஒவ்வொருவரும் தம்மிடம் இருந்ததைத் தர மறுத்தார்கள்.

எல்லோரும் மறுக்கவில்லை என்பதையும் சொல்லவேண்டும். 1920களில் கோலூன்றிப் பாய்தலில் உலக சாதனைகளை நிலைநாட்டிய சார்ள்ஸ் ஹொஃப், நாசி ஆட்சியின் விளையாட்டு அமைப்பில் தலைமைப் பொறுப்பு ஏற்றார். போரின் பின்னர் தேசத் துரோகத்துக்காகத் தண்டிக்கப்பட்டார். உலகப் புகழ் பெற்ற இரண்டு பாய்ச்சல்காரர்கள், ஒரே நாட்டில், ஒரே காலத்தில், எதிரெதிர்த் திசைகளில் நடந்தார்கள். புகழ் எவரையும் நேர்வழியில் கொண்டுபோய் விடுவதில்லை.

பிர்கர் ரூட் அப்போது 29 வயது. அவரைப் போன்ற ஒருவர் ஒரே ஒரு தடவை அரசின் போட்டியில் பாய்ந்திருந்தால் போதும். படம் எல்லாப் பத்திரிகைகளிலும் வந்திருக்கும். பிர்கரே பாய்கிறார், நீ ஏன் வீட்டில் இருக்கிறாய் என்று ஊர் ஊராய்ப் பையன்களிடம் கேட்டிருப்பார்கள். அவர் பாயவில்லை. அதோடு நிற்கவும் இல்லை. அனுமதியில்லாத இரகசியப் போட்டிகளை ஒழுங்குசெய்வதில் ஈடுபட்டார். அறிவித்தல் இல்லாமல், பரிசு இல்லாமல், காட்டுக்குள் எங்காவது ஒரு சரிவில் இளைஞர்கள் கூடிப் பாய்ந்துவிட்டுக் கலைந்து போகும் போட்டிகள் அவை. விளையாட்டை நேசித்தவர்கள் அதைக் கைவிடவில்லை. அதிகாரத்தின் கண்ணிலிருந்து எடுத்துத் தமக்குள் வைத்துக்கொண்டார்கள்.

கிரினி

1943இல் அவர் கைது செய்யப்பட்டு, ஒஸ்லோவுக்கு அருகிலுள்ள கிரினி தடுப்பு முகாமுக்குக் கொண்டுசெல்லப்பட்டார். பெண்களுக்கான சிறைச்சாலையாகக் கட்டப்பட்டு, பின்னர் ஜேர்மனியப் பாதுகாப்புப் பொலிசாரின் முகாமாக மாற்றப்பட்ட இடம் அது. போர் முடிவதற்குள் ஏறத்தாழ 20,000 பேர் அதற்குள் போய் வந்தார்கள். சிலர் அங்கிருந்து ஜேர்மனியின் வதைமுகாம்களுக்கு அனுப்பப்பட்டார்கள். சிலர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அகதிகளுக்காக உழைத்து நோபல் சமாதானப் பரிசு பெற்ற ஃபிரித்யொஃப் நான்சனின் மகன் ஒட் நான்சனும் அங்கே அடைக்கப்பட்டவர்களில் ஒருவர். நாடற்றவர்களுக்குக் கடவுச்சீட்டு கொடுத்தவரின் மகன் தன் சொந்த நாட்டில் இலக்கம் இட்ட கைதியானார்.

பிர்கர் அங்கே 18 மாதங்கள் இருந்தார். எத்தனை நாள் என்று தெரியாமல் தடுத்து வைக்கப்பட்டிருப்பது எப்படிப்பட்டது என்று எமது வாசகர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. தீர்ப்பு உள்ள சிறைக்கு ஒரு முடிவுத் திகதி உண்டு. இப்படியான முகாம்களுக்கு அது கிடையாது. ஒவ்வொரு காலையும் பெயர் கூப்பிடுவார்கள். அந்தப் பெயர் வீட்டுக்கா, வேறெங்குமா என்பது கூப்பிடுபவருக்கே தெரியும்.

1944இல் விடுதலையானார். வீட்டுக்குப் போய் அமைதியாக இருந்திருக்கலாம். எவரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அவர் தலைமறைவு எதிர்ப்பு இயக்கத்தில் சேர்ந்தார். பிரித்தானிய விமானங்கள் மலைக்காடுகளில் போட்டுவிட்டுப் போன வெடிமருந்துகளைத் தேடி எடுத்து மறைத்து வைப்பது அவரது வேலை. ஆழ்ந்த பனியில், பாதையில்லாத மலையில், சுமையோடு விரைவாகப் போய்வரக்கூடியவர் பனிச்சறுக்குத் தெரிந்தவரே. மேடையில் புள்ளி வாங்கித் தந்த அதே கால்கள் அங்கே வேறொன்றுக்குப் பயன்பட்டன. அந்தச் சறுக்கலுக்கு நேரம் குறிக்க நடுவர் எவரும் இருக்கவில்லை. யாரும் பார்க்காமல் இருப்பதுதான் அதன் வெற்றி.

விளையாட்டு வேலைநிறுத்தத்தை மிகைப்படுத்தவும் கூடாது. அது ஜேர்மனியப் படையைத் தோற்கடிக்கவில்லை. 1942 நவம்பர் 26ஆம் திகதி டொனாவ் என்ற கப்பலில் 500க்கும் மேற்பட்ட நோர்வே யூதர்கள் ஒஸ்லோவிலிருந்து ஏற்றி அனுப்பப்பட்டபோது, அவர்களைப் பிடித்துக் கொடுத்ததில் நோர்வேப் பொலிசாருக்கும் பங்கிருந்தது. அவர்களில் மிகச் சிலரே உயிர் தப்பினார்கள். வெறுமையாகக் கிடந்த விளையாட்டரங்குகள் அந்தக் கப்பலை நிறுத்தவில்லை. ஒரு மக்கள் கூட்டம் ஒரு பக்கத்தில் உறுதியாக இருந்துகொண்டே இன்னொரு பக்கத்தில் தவற முடியும். நோர்வேயும் அதற்கு விலக்கல்ல.

ஆனாலும் அந்த மறுப்பு ஒன்றைச் செய்தது. நாடு சம்மதித்துவிட்டது என்ற படத்தை எடுக்க விடாமல் செய்தது.

36 வயதில்

1945 மே 8ஆம் திகதி நோர்வே விடுதலை பெற்றது. மறு ஆண்டு ஹொல்மென்கொல்லன் விழா மீண்டும் நடந்தபோது பாய்ச்சலில் வென்றவர் பிர்கரின் தம்பி அஸ்பியோர்ன்.

1940, 1944 ஆகிய இரண்டு ஒலிம்பிக்குகளும் போரால் நடக்கவில்லை. 1940இல் பிர்கருக்கு 28 வயது, 1944இல் 32. ஒரு பாய்ச்சல் வீரரின் உடலும் அனுபவமும் சேர்ந்து உச்சத்தில் இருக்கக்கூடிய ஆண்டுகள் அவை. நடந்திருந்தால் வென்றிருப்பாரா என்று எவராலும் சொல்ல முடியாது. போர் எடுத்துக்கொள்ளும் ஆண்டுகளின் கொடுமையே அதுதான். இழந்தது என்ன என்று கணக்குக் காட்டக்கூட முடியாது. என்னோடு படித்தவர்களில், உயர்தரப் பரீட்சை எழுதவேண்டிய ஆண்டில் பதுங்குகுழிக்குள் இருந்தவர்கள் உண்டு. அவர்கள் எழுதியிருந்தால் என்ன பெறுபேறு வந்திருக்கும் என்று கேட்பவரும் இல்லை, சொல்லத் தெரிந்தவரும் இல்லை.

1948இல் சுவிற்சர்லாந்தின் சென் மோரிட்ஸில் ஒலிம்பிக் மீண்டும் நடந்தது. ஜேர்மனியும் ஜப்பானும் அழைக்கப்படவில்லை. பிர்கர் நோர்வே அணியோடு போனார், ஆனால் பயிற்சியாளராக. வயது 36. தன் காலம் முடிந்துவிட்டது என்று ஏற்றுக்கொண்டவராகத்தான் அவர் அங்கே இருந்தார்.

போட்டிக்கு முதல்நாள் இரவு காலநிலை மோசமாக இருந்தது. அணியிலிருந்த இளம் வீரர் ஒருவருக்கு அப்படியான நிலைமையில் பாய்ந்த அனுபவம் குறைவு. அவருக்குப் பதிலாகத் தானே பாய்வது என்று பிர்கர் முடிவெடுத்தார். ஒலிம்பிக் தடத்தில் கடைசியாக அவர் பாய்ந்தது 12 ஆண்டுகளுக்கு முன்னர். இடையில் ஒரு போர், ஒரு தடுப்பு முகாம்.

அவர் இரண்டாவதாக வந்தார். முதலாவதாக வந்தவர் பீட்டர் ஹுக்ஸ்டட். அவரும் கொங்ஸ்பேர்க்காரர். பிர்கரின் சாதனைகளைக் கேட்டு வளர்ந்த அடுத்த தலைமுறையைச் சேர்ந்தவர். மூன்றாம் இடமும் நோர்வேக்கே கிடைத்தது. 1932இல் ஊர்க்காரர் ஒருவரை முந்தித் தங்கம் வாங்கிய பிர்கர், 1948இல் ஊர்க்காரர் ஒருவருக்குத் தங்கத்தை விட்டு வெள்ளி வாங்கினார். வெள்ளிச் சுரங்க நகரத்தில் பிறந்தவருக்கு ஒலிம்பிக்கில் கிடைத்த ஒரே வெள்ளியும் அதுதான்.

இதைப் படிக்கும்போது அவர் மீண்டும் தங்கம் வென்றிருந்தால் கதை இன்னும் நன்றாக இருந்திருக்குமே என்று தோன்றலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. போர் எடுத்துக்கொண்டதைத் தங்கம் திருப்பித் தந்துவிட்டது என்று சொல்லியிருப்பார்கள். அது உண்மையாக இருந்திருக்காது. எடுத்தது எடுத்ததுதான். மிச்சமிருந்ததை வைத்துக்கொண்டு ஒரு மனிதர் மீண்டும் தடத்தின் உச்சியில் ஏறி நின்றார். இரண்டாம் இடம் அதைச் சரியாகச் சொல்கிறது.

வெறுமையான வரி

கொங்ஸ்பேர்க்கின் வெள்ளிச் சுரங்கங்கள் 1950களின் இறுதியில் மூடப்பட்டன. நிலத்துக்கடியில் வேலை செய்தவர்களின் காலம் முடிந்தது. இன்று அந்த நகரத்தின் சுரங்க அருங்காட்சியகத்துக்குள்ளேயே பனிச்சறுக்கு அருங்காட்சியகமும் இருக்கிறது. தோண்டி எடுத்த வெள்ளியும், பாய்ந்து வாங்கிய பதக்கங்களும் ஒரே கூரையின் கீழ். நகரத்தில் பிர்கருக்கு ஒரு வெண்கலச் சிலையும் உண்டு. 1998 ஜூன் 13ஆம் திகதி, 86வது வயதில், பிறந்த அதே ஊரில் அவர் காலமானார்.

விளையாட்டுப் பதிவேடுகள் நடந்ததை மட்டுமே எழுதும். பிர்கர் ரூட்டின் பெயருக்கு நேரே 1932 தங்கம், 1936 தங்கம், 1948 வெள்ளி என்று இருக்கும். நடுவில் எதுவும் இல்லை. அறியாதவர் அதைப் பார்த்தால் காயமோ, ஓய்வோ என்று நினைத்துக் கடந்து போவார். அவர் பாய மறுத்த குளிர்காலங்களுக்கும், காட்டுக்குள் நடத்திய போட்டிகளுக்கும், கிரினியின் 18 மாதங்களுக்கும், இருட்டில் சுமந்த வெடிமருந்துக்கும் எந்தப் பட்டியலிலும் நிரல் கிடையாது.

ஊடகத்தில் இருப்பவர்களுக்கு இதில் ஒரு வேலை இருக்கிறது என்று நினைக்கிறேன். வென்றவரைப் படம் பிடிப்பது இலகு. வரமறுத்தவரை, கையெழுத்திட மறுத்தவரை, அழைத்தும் மேடையேறாதவரைப் படம் பிடிக்க முடியாது. அங்கே காட்டுவதற்கு ஒன்றுமில்லை. அவர்களைக் கேட்டறிந்து எழுதத்தான் முடியும். எமது ஊர்களிலும் அப்படியானவர்கள் இருக்கிறார்கள். பலர் வயதாகி, எவரும் கேட்காததால் சொல்லாமல் இருக்கிறார்கள். கொங்ஸ்பேர்க் தன் ஆளைப் பற்றிக் கேட்டு வைத்துக்கொண்டது. அதனால்தான் பனியே பெய்யாத ஒரு நாட்டிலிருந்து, இத்தனை ஆண்டுகள் கழித்து, அந்த வெறுமையான வரியில் என்ன இருந்தது என்று என்னால் எழுத முடிகிறது.